மூச்சை மீட்டவர்களை மறந்த நகரம்

1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே ஒரு தேர்தல் கூட்டம். எஃகு ஆலைகளால் புகழ்பெற்ற அந்நகரின் மேயராகப் பல்லாண்டு இருந்தவரும், பென்சில்வேனியா மாநிலத்தின் ஆளுநராகப் பதவி வகித்தவருமான டேவிட் லாரன்ஸ் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று சரிந்து விழுகிறார். இதயம் நின்றுவிட்டது.

கூட்டத்தில் இருந்த செவிலியர் ஒருவர் ஓடிவந்து அவருக்கு மூச்சு ஊட்டுகிறார். ஆனால் அவரை ஏற்றிச் செல்ல வந்தது என்ன தெரியுமா? காவல்துறையின் சாதாரண வண்டி! குற்றவாளிகளையும் குடிகாரர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் அதே வண்டி. அதில் முறையான மருத்துவக் கருவிகள் இல்லை; பயிற்சி பெற்ற பணியாளரும் இல்லை. மருத்துவமனையில் லாரன்ஸின் இதயம் மீண்டும் துடித்தது. ஆனால் வழியிலே உயிர்க்காற்று கிடைக்காத மூளை மீளவேயில்லை. நவம்பர் 21ஆம் நாள் அவர் இறந்தார்.

ஒரு மாநிலத்தையே ஆண்டவருக்கு இந்த நிலை என்றால், அந்நகரின் ஏழைகளுக்கு என்ன நிலை இருந்திருக்கும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். அந்த ஏழைகளின் தெருவிலிருந்து புறப்பட்ட சில இளைஞர்கள்தாம் பின்னர் உலகுக்கே வழிகாட்டினார்கள். அவர்களைப் போற்ற வேண்டிய நகரமே அவர்களைத் தள்ளிவைத்தது. அந்த வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

பிணம் சுமக்கும் வண்டியில் நோயாளி

இன்று விபத்து என்றவுடன் ஆம்புலன்ஸை அழைக்கிறோம். வண்டிக்குள் ஆக்சிஜன் இருக்கிறது; பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கிறார். இது என்றும் இருந்த ஏற்பாடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை அதுவன்று.

1960களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிச் சென்றவை, அடக்கம் செய்யும் நிறுவனங்களின் பிண வண்டிகளே. காரணம் எளியது. ஒரு மனிதரைப் படுக்க வைத்துக் கொண்டுசெல்லும் நீளம் அவற்றுக்குத்தான் இருந்தது. நம் ஊர்களில் மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கிலே உயிரோடிருப்பவரைக் கிடத்திச் செல்வதைப் போன்ற அவலம் அது. வண்டியோட்டிக்குத் தெரிந்ததெல்லாம் வேகம் ஒன்றே. நோயாளி பின்புறம் தனியே கிடப்பார். மருத்துவமனை வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுபோனாலும் கேட்பார் இல்லை.

அதே 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் விபத்துகளால் 1,07,000 பேர் மாண்டனர் என்றும், இது கவனிப்பாரற்ற ஒரு நோயைப் போலப் பரவிக் கிடக்கிறது என்றும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

மருத்துவர் ஸஃபார்

லாரன்ஸ் கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனையில் பணியாற்றியவர் மருத்துவர் பீட்டர் ஸஃபார். பெயரைக் கேட்டதும் நம்மவரோ என்று எண்ணிவிட வேண்டாம். 1924ஆம் ஆண்டு ஆஸ்திரிய நாட்டின் வியன்னாவிலே பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய மயக்க மருந்து நிபுணர் அவர்.

மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்துவதும், கைகளைத் தூக்கி மடக்குவதுமே அதுவரை முதலுதவியாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. அவற்றால் பயன் மிகக் குறைவு என்பதை ஸஃபார் மெய்ப்பித்தார். எப்படி? மருத்துவத்துறையைச் சேர்ந்த சிலர் தாமாக முன்வந்து தம் உடலையே சோதனைக்குக் கொடுத்தார்கள். அவர்களை மயக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து செலுத்தி, மூச்சை நிறுத்தினார். பிறகு பழைய முறைகளையும், வாயோடு வாய் வைத்து ஊதும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மருத்துவம் அறியாத சாதாரண மனிதர்களைக் கொண்டே ஊதச் செய்தார்.

இரண்டு உண்மைகள் தெளிவாயின. மயங்கிக் கிடப்பவரின் தொண்டையை அவருடைய நாக்கே அடைத்துக்கொள்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து மோவாயை உயர்த்தினால் வழி திறக்கிறது. அடுத்தது, நாம் வெளிவிடும் மூச்சிலே ஏறத்தாழ 16 விழுக்காடு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது. மற்றொருவரை வாழவைக்க அதுவே போதும். இந்த இரண்டாவது உண்மையை ஜேம்ஸ் ஈலம் என்னும் மருத்துவர் முன்பே கண்டறிந்திருந்தார். ஸஃபாரை இந்த ஆய்விலே ஈடுபடுத்தியவரும் அவரே.

இதே காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மற்றொரு வாயில் திறந்தது. வில்லியம் கௌவன்ஹோவன் என்பவர் மருத்துவர் அல்லர். மின் பொறியியல் பேராசிரியர். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் கை நிக்கர்பாக்கர். மின்னதிர்ச்சிக் கருவியின் கனத்த தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்திய போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, இரத்த அழுத்தம் உயர்வதை அம்மாணவர் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்தார். நெஞ்சைப் பிளக்காமல், இரு கைகளால் மார்பை அழுத்தியே இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று 1960ஆம் ஆண்டு மூவரும் உலகுக்கு அறிவித்தார்கள்.

மார்பை அழுத்துவதையும் மூச்சு ஊட்டுவதையும் ஸஃபார் ஒன்றாக இணைத்தார். இன்று சி.பி.ஆர். என்று நாம் சொல்லும் உயிர்மீட்பு முறை இவ்வாறே உருவாயிற்று.

ஆனால் உயிரை மீட்கும் கலையை உலகுக்குக் கற்பித்தவரின் வீட்டிலேயே விதி புகுந்தது. 1966ஆம் ஆண்டு, அவரும் மனைவியும் வெளியூர் சென்றிருந்த வேளையில், சிறுமியான அவர்களின் மகள் எலிசபெத்துக்கு ஆஸ்துமா கடுமையாகி மூச்சு நின்றது. மருத்துவமனையில் இதயம் இயங்கத் தொடங்கியும் மூளை விழிக்கவில்லை. தந்தை எத்தனை பெரிய நிபுணராக இருந்தால் என்ன? அந்த முதற் சில நிமிடங்களில் குழந்தையின் அருகிலே தகுந்த உதவி இருக்கவேண்டும் அல்லவா!

அதே ஆண்டின் இறுதியில் லாரன்ஸின் மரணமும் நிகழ்ந்தது. மருத்துவமனையின் வாசலில் காத்திருப்பதில் பயனில்லை, மருத்துவமே தெருவுக்குப் போகவேண்டும் என்பதில் ஸஃபார் உறுதியானார்.

தெருவிலிருந்து வந்த மாணவர்கள்

பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதி கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த இடம். வேலையின்மை மிகுந்திருந்தது. அவசரத்திற்கு அழைத்தால் காவல்துறை வண்டி வருமா என்பதே ஐயம். வந்தாலும் நாகரிகமாக நடத்துவார்களா என்பது அதைவிட ஐயம்.

ஃபில் ஹாலன் என்பவர் ஓர் அறக்கட்டளையின் தலைவர். முன்னர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அப்பகுதி இளைஞர்களுக்கு வேலையும், அப்பகுதி மக்களுக்கு வண்டியும் ஒருசேரக் கிடைக்க வழி உண்டா என்று அவர் சிந்தித்தார். கறுப்பின மக்களின் வேலைவாய்ப்புக்காக அங்கே ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்னும் அமைப்பு இயங்கிவந்தது. ஹாலன், ஸஃபார், ஃப்ரீடம் ஹவுஸ் ஆகிய மூன்று கரங்களும் இணைந்தன.

1967ஆம் ஆண்டு பயிற்சி தொடங்கிற்று. சேர்ந்தவர்கள் யார்? பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள் சிலர். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் சிலர். நெடுநாள் வேலையின்றித் திரிந்தவர்கள் பலர். இவர்களால் ஆகாது என்று ஊரார் ஒதுக்கியவர்களுக்கு ஸஃபார் எளிய பாடத்தைக் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 300 மணி நேரப் பாடம்! உடற்கூறு, உடலியக்கம், மூச்சு மீட்பு, மார்பழுத்தம், பிரசவ உதவி, வண்டி ஓட்டும் முறை ஆகிய அனைத்தும் கற்பிக்கப்பட்டன. அறுவை அரங்கிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவர்களோடு நின்று பழகினார்கள்.

வண்டியையும் ஸஃபாரே வடிவமைத்தார். நோயாளியின் தலைமாட்டிலே ஒருவர் அமர்ந்து மூச்சைக் கவனிக்க இடம் வேண்டும், நிமிர்ந்து வேலை செய்யக் கூரை உயரமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டார். இன்றைய ஆம்புலன்ஸ்களின் உள்ளமைப்பு பெரிதும் அந்தச் சிந்தனையின் வழிவந்ததே.

1968ஆம் ஆண்டு வண்டிகள் தெருவில் இறங்கின. முதலாண்டில் மட்டும் ஏறத்தாழ 5,800 அழைப்புகளை ஏற்று, 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏற்றிச் சென்றார்கள். அவ்வாண்டில் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஸஃபாரின் கணக்கு கூறியது.

எளிதாக நடந்த வேலை அன்று அது. வெள்ளையர் சிலர், உயிர் ஊசலாடும் நிலையிலும் கறுப்பரின் கை தம்மேல் படலாகாது என்று மறுத்ததுண்டு. காவல்துறையினர் அழைப்புகளை இவர்களிடம் அனுப்பாமல் விட்டதுண்டு. அப்போதெல்லாம் இவர்கள் காவல்துறையின் வானொலிச் செய்திகளைக் காதில் வாங்கிக்கொண்டு, வண்டியை விரைந்து செலுத்தி முந்திச் சென்று உதவினார்கள். அவமதிப்புக்கு அவர்கள் கொடுத்த மறுமொழி அதுவே.

அக்காலத்தில் ஒரு மருத்துவமனையில் கடைநிலை ஊழியராக இருந்தவர் ஜான் மூன். ஒருநாள் நோயாளியோடு வந்த இரண்டு ஃப்ரீடம் ஹவுஸ் பணியாளர்களை அவர் பார்த்தார். தம்மைப் போன்ற நிறத்தவர் இருவர் நிமிர்ந்த நடையோடு நுழைந்து, தயக்கமின்றிப் பணியை நடத்துவதைக் கண்டு வியந்தார். அவர்களைப் போல் ஆகவேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். பயிற்சி பெற்றுச் சேர்ந்தும் விட்டார். ஒருவர் பெறும் மதிப்பு மற்றொருவரின் வாழ்வையே திருப்பிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

1974ஆம் ஆண்டு மருத்துவர் நான்சி கரோலைன் இவர்களின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்றார். அலுவலக நாற்காலியில் அமர்ந்து ஆணையிட்டவர் அல்லர் இப்பெண்மணி. பணியாளர்களோடு வண்டியில் ஏறினார். இரவுகளில் நிலையத்திலேயே தங்கினார். ஒவ்வொரு பணியின் பிறகும் எது சரி, எது தவறு என்று உடனிருந்து ஆராய்ந்தார். அங்கே உருவாக்கிய பாடத்திட்டமே அமெரிக்கா முழுவதும் பாராமெடிக் எனப்படும் அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான பொதுப் பாடத்திட்டத்திற்கு அடிப்படையாயிற்று.

கிடைத்த பரிசு

இத்தகையோருக்கு நகரம் அளித்த பரிசு என்ன?

வெற்றியைக் கண்டபின், நகர் முழுவதற்கும் தானே ஆம்புலன்ஸ் சேவை நடத்துவதென்று மாநகராட்சி முடிவெடுத்தது. முன்னோடிகளின் கையில் அதை ஒப்படைத்திருக்கலாம். ஒப்படைக்கவில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. பழைய பணியாளர்களைப் புதிய சேவையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான்சி கரோலைன் வலியுறுத்தினார். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மதிப்போடு அன்று. பல்லாண்டு தெருவிலே உயிர்களை மீட்டவர்களுக்கு மறுபடியும் தேர்வுகள் வைத்தார்கள். அனுபவத்தில் தமக்கு இளையவர்களின் கீழ் நிறுத்தினார்கள். மருத்துவம் செய்த கைகளில் பையைத் தூக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பலர் வெளியேறினார்கள். நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கிய அக்குழு கலைந்தது. பின்னாளில் அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவை ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர் மயமாகிவிட்டது.

ஜான் மூன் மட்டும் விடாப்பிடியாக நின்றார். அதே சேவையின் துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்து, தம் சமூக இளைஞர்களை மீண்டும் இப்பணிக்குக் கொண்டுவரப் பாடுபட்டு, 2009ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அண்மைக் காலத்தில்தான் இவர்களைப் பற்றி ஆவணப்படங்களும், 2022ஆம் ஆண்டு வெளிவந்த கெவின் ஹஸார்டின் நூலும் தோன்றின. கைதட்டல் கேட்க, அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

மதிப்பு என்பது எது?

உயிர் மீட்பவரைப் போற்றும் வழக்கம் புதிதன்று. கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் 1767ஆம் ஆண்டிலேயே, நீரில் மூழ்கியோரைக் காப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. மூழ்கியவரை மீட்டவருக்குப் பதக்கமோ பணமோ கொடுத்தார்கள். 1774ஆம் ஆண்டு லண்டனிலும் அத்தகைய சங்கம் எழுந்தது. மீட்பவரை ஊரறியப் பாராட்டினால் மற்றவர்களும் துணிந்து நீரில் இறங்குவார்கள் என்பதே அவர்களின் கணக்கு.

உரிய மதிப்பைப் பெற்றவர்களும் உண்டு. பொறியாளரான கௌவன்ஹோவனுக்கு 1969ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. பிறந்த குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, மூச்சு முதலியவற்றைப் பார்த்து உடனே மதிப்பெண் இடும் முறையை 1952ஆம் ஆண்டில் வகுத்தவர் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் என்னும் பெண்மணி. நம் இல்லங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கும் பிரசவ அறையில் இன்று அந்த மதிப்பெண் இடப்படுகிறது. 1994ஆம் ஆண்டு அமெரிக்கா அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. ஸஃபாரின் பெயர் மூன்று முறை நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை. 2003ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பெயரே தெரியாதவர்களின் கதை வேறு. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவி, மூச்சுவிட இயலாமல் பலர் மாண்டுகொண்டிருந்தனர். பியோர்ன் இப்ஸன் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். இயந்திரங்கள் போதவில்லை. ஆகவே ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வித்திட்ட நிகழ்ச்சி அது. இப்ஸனின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. இரவெல்லாம் பையை அழுத்திய அந்த மாணவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்?

இவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பொன்னாடையும் பதக்கமும் நல்லவையே. ஆனால் ஃப்ரீடம் ஹவுஸ் பணியாளர்கள் கேட்டது பொன்னாடை அன்று. செய்துவந்த பணியைத் தொடர்ந்து செய்யும் உரிமை, அனுபவத்திற்கேற்ற பதவி, மனிதருக்குரிய மரியாதை ஆகியவையே அவர்கள் வேண்டியவை. உயிரோடிருக்கும்போது இவற்றை மறுத்துவிட்டு, ஐம்பது ஆண்டுகள் கழித்துப் படம் எடுத்துக் கைதட்டினால், அது கைதட்டுவோரின் மனச்சுமையைக் குறைக்கலாம். பணி இழந்தவரின் வீட்டு அடுப்பை எரிக்காது.

நம் கடமை

தமிழ்நாட்டில் 108 சேவை 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. அந்த வண்டியில் வருபவர் வெறும் ஓட்டுநரும் உதவியாளரும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வந்தவுடன், ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று சீறுகிறோம். பிரசவ வலியில் துடிக்கும் நம் சகோதரிக்கு வண்டியிலேயே பிள்ளைப்பேறு பார்ப்பவர் அவர்தாம். அவர் பெயரைக் கேட்டு நன்றி சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்? நம் ஊர் விழாக்களில் செல்வந்தருக்கும் அரசியலாளருக்கும் அணிவிக்கும் ஆடைகளில் ஒன்று அவருக்கும் போகட்டும். அதோடு நில்லாமல், அவருக்கு முறையான ஊதியமும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்று கேட்கும் குரலிலும் நம் குரல் சேரட்டும்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவினால் காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமே என்னும் அச்சம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்த அச்சம் வேண்டாம். உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. விபத்தில் சிக்கியவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் பரிசளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2021ஆம் ஆண்டு கொண்டுவந்தது. அதை 25,000 ரூபாயாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் மேலான பாராட்டு ஒன்றுண்டு. அவர்கள் கண்டுபிடித்ததை நாம் கற்றுக்கொள்வதே அது. இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பழுதுபடத் தொடங்குகிறது. எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேர்வது அரிது. அந்த இடைவெளியில் அருகில் இருப்பவர் நாம்தாம்.

பெரியவர் ஒருவர் திடீரென விழுந்து, தட்டி அழைத்தாலும் பதில் இல்லாமல், இயல்பான மூச்சும் இல்லாமல் கிடந்தால் காத்திருக்கலாகாது. விட்டுவிட்டு வரும் விக்கலைப் போன்ற திணறலை மூச்சென்று கொள்ளவும் கூடாது. ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர் அவரைச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்தட்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை; ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் மார்பு பழைய நிலைக்கு எழ இடம் தரவேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது. மூச்சூட்டத் தெரியாதவர் மார்பை அழுத்தினாலே பெரும்பயன் உண்டு. நீரில் மூழ்கியவருக்கும் சிறு குழந்தைகளுக்கும் மூச்சூட்டுவது மிக முக்கியம். குழந்தைகளுக்கு அழுத்தும் முறையும் சற்று மாறுபடும். ஆகவே முறையான பயிற்சியைத் தேடிப் பெறுவதே சிறந்தது. நம் பள்ளிகளிலும் மஹல்லாக்களிலும் ஒருநாள் பயிற்சி முகாம் நடத்துவது அரிய செயல் அன்று.

பள்ளிப் படிப்பையே முடிக்காத பிட்ஸ்பர்க் இளைஞர்கள் கற்றுக்கொண்டது இது. கற்றறிந்த நம் குடும்பங்களால் முடியாதா? வீட்டுக்கு ஒருவரேனும் கற்றுக்கொள்ளட்டும். ஒருநாள் நம் கைகளின் கீழே ஓர் இதயம் மீண்டும் துடிக்குமானால், மறக்கப்பட்ட அம்மனிதர்களுக்கு உரிய மரியாதையை நாமும் செலுத்தியவர்கள் ஆவோம்.